ஆர்மேனியருக்காக நான் சேர்த்த ஒப்பங்கள்

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் பதினாறு தமிழ்க் கடைகளுக்குக் கவுண்டரும் சாமான் அடுக்கும் ராக்கையும் அடித்துக் கொடுத்தவன் நான். பதினொன்று இன்றும் நிற்கின்றன. மற்ற ஐந்தில் ராக்கை விழவில்லை, கடைக்காரர்கள்தான் விழுந்தார்கள். ஒரு கோயிலுக்கு வாகனம் வைக்கும் அறையின் கதவு செய்தேன். ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேடை போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேர் ஏறி நின்று படம் எடுத்தபோதும் அந்த மேடை ஒரு முனகல் முனகவில்லை. என் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளை நானே எழுப்பினேன், கவுன்சில் அனுமதியோடு. இதெல்லாம் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது. ஜெர்மனியில் ஆறு வருடம் கோப்பை கழுவியபடியே, ஓய்வு நாட்களில் ஒரு கிழட்டுத் தச்சனின் பட்டறையில் நின்று கண்ணால் பார்த்துக் களவெடுத்த தொழில் இது. இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது சுத்தியலுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்றுகூட எனக்குத் தெரியாது. கடைக்குப் போய்க் கையால் அடித்துக் காட்டித்தான் வாங்கினேன்.

இந்தப் பட்டியலில் சேர வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

என் பட்டறை தென் லண்டனில், ட்ராம் போகிற பக்கம். குரோய்டனுக்கும் போகலாம், விம்பிள்டனுக்கும் போகலாம். பட்டறைக்கு அடுத்த கதவு ஒரு டெய்லருடையது. அவர் ஆர்மேனியர். அறுபத்தைந்து வயது, மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கோட்டு சூட்டு திருத்துவதுதான் அவருடைய தொழில். ஆனால் எங்கள் பெண்கள் சட்டை தைக்கவென்று அவரிடம் போகத் தொடங்கி, சேலைச் சட்டைக்கு எவ்வளவு தளர்வு விட வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இருவருக்கும் பின்முற்றம் ஒன்றுதான். காலை பத்து மணிக்கு அவர் சின்னக் கோப்பையில் கறுப்புக் கோப்பி கொண்டு வருவார், நான் பிளாஸ்கில் பால் தேத்தண்ணீர் கொண்டு போவேன். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஒரே அளவு ஓட்டை. அதனால் எங்களுக்குள் எல்லாம் நன்றாக விளங்கியது. அவர் பேசியதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். என்னை அவர் கூப்பிடுவது மட்டும் எப்போதும் ‘மை பிரெண்ட்’தான்.

2009ஆம் ஆண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் நான் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றேன். லண்டன் தமிழர் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஏன் நின்றோம், பிறகு ஊரில் என்ன நடந்தது என்பதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் நாங்கள் பிடித்த பெரிய துணிப் பதாகைகளுக்கு ஓரம் அடித்தவர் இந்த டெய்லர். காற்றில் கிழியாமல் இரட்டைத் தையல் போட்டுத் தந்தார். ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு என்னோடு ட்ரெயின் ஏறி வந்து, எங்கள் சனத்துக்கு நடுவில் மூன்று மணி நேரம் பேசாமல் நின்றார்.

ஐப்பசியில் ஒரு காலை, கோப்பி ஆறிக்கொண்டிருக்க, டெய்லர் முகத்தைத் தொங்கப் போட்டபடி இருந்தார்.

“என்ன, கோட்டைக் குறுக்கி வெட்டிப்போட்டியளோ?” என்று கேட்டேன்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். 1915இல் துருக்கியரின் ஆட்சியில் அவருடைய இனத்துக்கு நடந்ததை இனப்படுகொலை என்று இந்த நாடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். இந்த முறை எங்கள் பகுதி எம்.பி. ஒரு வழி சொல்லியிருக்கிறார். தன் தொகுதியில் வசிக்கிற ஐந்நூறு பேர் ஒப்பம் வைத்த மனு கொடுத்தால், அதைப் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று வாசிப்பதாகச் சொன்னாராம். அந்த எம்.பி. அம்மா அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை. நத்தார், அதாவது கிறிஸ்மஸ், விடுமுறைக்கு முன்னர் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் ஆர்மேனியர் இருப்பதெல்லாம் மேற்கு லண்டனில். எங்கள் பக்கத்தில் இவர் ஒருவர்தான். இரண்டு மாதம் அலைந்து முப்பத்துநான்கு ஒப்பம் சேர்த்திருந்தார்.

“என்ரை அம்மாவுக்குத் தொண்ணூற்றேழு வயசு, மை பிரெண்ட். மூண்டு வயசிலை அக்காவின்ரை முதுகிலை தப்பி வந்தவ. அந்த அக்கா வழியிலையே போயிட்டா. இந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்குள்ளை ஒராள் எழும்பி அதுக்கு உரிய பெயரைச் சொல்லிக் கேக்கவேணும் எண்டு நிக்கிறா. அடுத்த எம்.பி. வருமட்டும் அவ இருப்பாவோ எண்டு தெரியேல்லை.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். “ரெண்டு கிழமை,” என்றேன்.

“என்ன ரெண்டு கிழமை?”

“ஐந்நூறு. ரெண்டு கிழமையிலை தாறன்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு கடையைப் பத்து நாளில் முடித்துச் சாவி கொடுக்கிறவனுக்கு ஐந்நூறு ஒப்பம் ஒரு வேலையா?

அன்றே மிச்சப் பலகையில் இருபது எழுதுபலகைகள் வெட்டி, முனை மழுக்கி, கிளிப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை அவற்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும். கையில் தட்டு வருமட்டும் யாரும் நகர மாட்டார்கள். இதைவிட நல்ல இடம் லண்டனில் இல்லை.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பேப்பரைத் தூரப் பிடித்துப் பார்த்தார். “தம்பி, எங்கடை அலுவலே ஆத்திலை போகுது. நீர் என்ன, ஆர்மேனியனுக்கு ஒப்பம் கேட்டுக்கொண்டு திரியிறீர்?”

“அண்ணை, அவங்கள் தொண்ணூத்திநாலு வருசமா இதே கதவிலை நிக்கிறாங்கள். நாங்கள் நேற்று வந்து பின்னாலை நிக்கிறம். முன்னுக்கு நிக்கிறவன் உள்ளை போனால்தானே வரிசை நகரும்?”

அவர் தனக்கு முன்னால் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். “அது நியாயம்தான். கொண்டாரும்.”

இந்தப் பேச்சு எனக்கு அந்த இடத்தில் வாயில் வந்தது. எழுதி வைத்துப் பேசியதல்ல. பிறகு வேறு ஆட்கள் அதைக் கூட்டங்களில் தங்கள் பேச்சாகப் பேசினார்கள். பேசட்டும்.

இப்போது என் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் பிழையும் அதற்குள்தான் இருந்தது. எங்கள் சனம் அர்ச்சனைக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுத் தலைவர் தட்டோடு முன்னால் போய் ஐயரிடம் மனைவி, பிள்ளைகள், மாமியார், ஊரில் இருக்கிற தங்கச்சி என்று எல்லாருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் ஒரே மூச்சில் சொல்வார். மற்றவர்கள் வீட்டில் படுத்திருந்தாலும் அர்ச்சனை அவர்களுக்கும் சேரும். அதே வழிதான் எனக்குத் தெரிந்த வழி.

“வீட்டிலை எத்தினை பேர்?”

“ஏழு.”

“ஏழு வரியையும் நிரப்புங்கோ அண்ணை.”

ஒருவர் பேனாவை நிறுத்தி, “நட்சத்திரமும் எழுதவேணுமோ?” என்று கேட்டார். பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

ஒன்பது நாள். அறுநூற்று நாற்பது வரிகள். என் வீட்டுக்கு நானே நான்கு வரி போட்டேன். பேப்பர்க் கட்டைத் தூக்கி டெய்லரின் வெட்டு மேசையில் போட்டேன். மனுசன் ஒரு பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். சட்டையெல்லாம் ஊசி. நெஞ்சில் இரண்டு இடத்தில் குத்தியது.

அடுத்த கிழமை எம்.பி.யின் அலுவலகத்தில் இருந்து எங்கள் இருவரையும் வரச் சொன்னார்கள். மாலை மரியாதை இல்லாவிட்டாலும் ஒரு தேத்தண்ணீராவது தருவார்கள் என்று நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன். அங்கே வேலை செய்த பெண்பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கும், மிக மரியாதையாகக் கதிரை தந்தது. பேப்பர்களைப் பரப்பியது. வரிசை வரிசையாகப் பென்சில் கோடு.

“இந்த ஏழும் ஒரே கையெழுத்து,” என்றது. “இதில் ஐந்தும் ஒரே கையெழுத்து. இங்கே ஒன்பது.”

“ஓம், ஒரு குடும்பம்,” என்றேன்.

“ஒருவருக்காக இன்னொருவர் ஒப்பம் வைக்க முடியாது. அது பாராளுமன்றத்தின் விதி.”

நான் அந்தப் பிள்ளைக்கு அர்ச்சனையை விளங்கப்படுத்தினேன். ஒரு ஆள், ஒரு தட்டு, ஏழு பெயர், கடவுள் ஏற்றுக்கொள்கிறார். அது கவனமாகக் கேட்டது. கேட்டுவிட்டு, கடவுள் ஏற்கலாம், ஆனால் மனுவைச் சரிபார்க்கிற ஆள் கடவுள் இல்லை என்றது. எனக்கே சிரிப்பு வந்தது. செல்லக்கூடியவை நூற்று நாற்பத்தொன்று. வாசிப்பதற்கு ஒதுக்கிய நாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

டெய்லரும் நானும் வெளியே வந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். அங்கேதான் அவர் பேசினார்.

“எங்களுக்கு நடந்ததே இல்லை எண்டு சொல்ல ஆக்கள் இருக்கினம், மை பிரெண்ட். தொண்ணூறு வருசமா அவையள் சொல்லுறது ஒண்டுதான். உங்கடை பேப்பர் எல்லாம் பொய் எண்டு. இண்டைக்கு என்ரை கையிலை பொய்ப் பேப்பர் இருக்கு.”

அவர் சத்தமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். பஸ் வந்தது, ஏறினோம், இறங்கினோம். ஜெர்மனியில் முதல் முதலாக நான் செய்த அலுமாரியின் கதவு மூடாமல் போனபோது அந்தக் கிழட்டுத் தச்சன் ஆணி கழற்றும் குறட்டை என் கையில் தந்தான். அந்த நாளுக்குப் பிறகு எனக்கு அப்படி இருந்தது அன்றுதான்.

ஆனால் கழற்றிப் பூட்டத் தெரியாதவன் தச்சன் இல்லை. வீட்டுக்குப் போனதும் புதுப் பேப்பரை மேசையில் வைத்தேன்.

“இஞ்சை பார், இதிலை ஒரு ஒப்பம் வை,” என்று மனைவியிடம் சொன்னேன்.

“என்னத்துக்கு?”

“முந்தி நான் உனக்காக வைச்சது செல்லாதாம்.”

அவள் அடுப்பை அணைத்தாள். அடுப்பை அணைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“எனக்காக நீங்கள் ஒப்பம் வைச்சனீங்களோ? எதிலை? என்ன எழுதியிருக்கு அதிலை?”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அறுநூற்று நாற்பது வரி நிரப்பிய நான் மனுவின் தலைப்பில் இருந்த எட்டு வரி இங்கிலீஷை ஒரு முறைகூட வாசிக்கவில்லை. டெய்லர் சொன்னது போதும் என்று இருந்துவிட்டேன். அவள் ஊரில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். வரை படித்தவள். கையைத் துடைத்துவிட்டுக் கதிரையில் இருந்து, ஒவ்வொரு வசனமாக வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். பிறகு என்னைக் கேள்வி கேட்டாள். எத்தனை பேர் செத்தார்கள்? ஏன் இவ்வளவு காலம் ஏற்கவில்லை? ஏற்றால் செத்தவர்களுக்கு என்ன வரும்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததுக்கு டெய்லருக்கு போன் போட்டேன். அவர் அரை மணி நேரம் அவளோடு கதைத்தார். என்னோடு அவர் அரை மணி நேரம் கதைத்ததே இல்லை.

“அந்த அம்மாவின்ரை அக்காவுக்கு எத்தினை வயசு?” என்று கடைசியாகக் கேட்டாள். பதினொன்று என்று சொல்லியிருக்கிறார். போனை வைத்துவிட்டுத் தன் பெயரை முழுதாக எழுதி ஒப்பம் வைத்தாள். “இனி எனக்காக ஒண்டிலையும் வைக்காதேங்கோ,” என்றாள். “அந்தப் பலகையள் எத்தினை இருக்கு?”

“இருபது.”

“எல்லாத்தையும் உள்ளுக்குக் கொண்டாங்கோ.”

அதற்குப் பிறகு பத்து நாள் எங்கள் குசினி எம்.பி.யின் அலுவலகம் போல ஒரு கந்தோர் ஆனது. அவள் கூப்பிட்டது எல்லாம் பெண்களை. டெய்லரிடம் சட்டை தைக்கிற அத்தனை பேரும் வந்தார்கள். வடை சுட்டது அவள், உழுந்து அரைத்தது நான், அதையும் எழுதி வைக்கிறேன். வருகிறவர்களுக்கு அவளே மனுவை வாசித்துச் சொன்னாள். சொல்லாமல் யாரிடமும் பேனா கொடுக்கவில்லை. எனக்குப் பொறுமை போனது.

“இப்பிடி ஒவ்வொராளுக்கும் வாசிச்சால் நத்தார் இல்லை, பொங்கலும் வந்திடும்.”

“நீங்கள் விரைவாச் செய்து கண்டதைப் பாத்தம்தானே,” என்றாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி இல்லை.

ஒரு மாமிக்குத் தமிழில்தான் ஒப்பம் வரும். செல்லுமா என்று அலுவலகப் பிள்ளையிடம் கேட்டோம், அவரவர் கையால் வைத்தால் எந்த மொழியிலும் செல்லும் என்றது. மாமிக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. இன்னொருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்கு விளங்கேல்லை, நான் வைக்க மாட்டன்,” என்று வடையை மட்டும் சாப்பிட்டுப் போனார். மனைவி அவரை வற்புறுத்தித் தெண்டிக்கவில்லை.

அந்த மாமி எழுந்து போகும்போது சொன்னது எனக்கு மறக்காது. “இந்த நாட்டிலை நான் வைச்ச ஒப்பம் எல்லாம் குரோய்டன் குடிவரவுக் கந்தோரிலைதான் தம்பி. என்னை இருக்க விடுங்கோ எண்டு கேட்டு. இதுதான் முதல்தரம் வேறை ஆளுக்காகக் கேட்டு வைக்கிறன். கை நடுங்கேல்லைப் பாத்தீரே?”

வேலைக்குப் போவதால் வர முடியாதவர்களின் வீடுகளுக்கு நான் என் வான் வண்டியில் போனேன். மாலை மாலையாய்க் கதவு தட்டினேன். அட்ரஸ் எழுதினால் விசா அலுவலுக்கு ஏதும் பிழை வருமோ என்று பயந்த பெடியங்களுக்கு நின்று விளக்கம் சொன்னேன். இப்போது எனக்கும் மனுவின் எட்டு வரி பாடமாகிவிட்டது. கடைசி நாளுக்கு முதல் நாள் எண்ணினோம். பழையவற்றில் செல்லக்கூடியவையும் சேர்த்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அந்தப் பெண்பிள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்து நான்கை மட்டும் வெட்டியது.

வாசித்தது ஒரு வியாழக்கிழமை மாலை, ஆறு மணி இருக்கும். டெய்லர் தன் தாயைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார். தாய்க்குக் கறுப்புக் கோட்டு, வெள்ளைக் காலர், எல்லாம் மகன் தைத்தது. கோழிக்குஞ்சு அளவு மனுசி, ஆனால் கண் என்றால் கண். என்னையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு மேலே பார்வையாளர் பகுதிக்குப் போனார்கள். வைகாசி வரை நாங்கள் வெளியே நின்று பார்த்த கட்டடத்துக்குள் அன்றுதான் நான் கால் வைத்தேன். மரவேலையைப் பார்த்தேன். நல்ல ஓக். ஒரு இடத்தில் மட்டும் பொருத்து கொஞ்சம் விலகி இருந்தது.

கீழே எண்ணி எட்டு எம்.பி.க்கள்தான். எங்கள் எம்.பி. அம்மா எழுந்தார். ஒன்றரை நிமிடம் இருக்கும். இத்தனை பேர் ஒப்பம் வைத்த மனு என்று தொடங்கி, ஆர்மேனியருக்கு நடந்ததை இனப்படுகொலை என்று இந்த நாடு ஏற்க வேண்டும் என்று தெளிவாக வாசித்து, பேப்பரைக் கொண்டுபோய்ச் சபாநாயகரின் ஆசனத்துக்குப் பின்னால் தொங்கிய பச்சைப் பையில் போட்டார். அவ்வளவுதான். நான் கை தட்டிவிட்டேன். பெரிய தட்டு, தச்சன் கை. வாசலில் நின்ற காவலர் ஓடிவந்து விரலை வாயில் வைத்துக் காட்டினார். மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

கிழவி மகனிடம் ஏதோ கேட்டார். அவர் எங்களுக்குச் சொன்னார். “இந்தச் சபை இவ்வளவு சின்னதோ எண்டு கேக்கிறா.”

பிறகு இன்னொன்று கேட்டார். மகன் தலையாட்டினார். இனப்படுகொலை என்ற சொல்லை அந்த எம்.பி. உண்மையாகவே வாயால் சொன்னாரா, அல்லது தனக்குத்தான் அப்படிக் கேட்டதா என்று கேட்டிருக்கிறார். சொன்னார் அம்மா, ரெண்டு தரம் சொன்னார் என்று மகன் சொன்னதும், கிழவி நாற்காலியில் நிமிர்ந்து இருந்து, கை தட்டிய அந்த முரட்டு ஆள் யார் என்று கேட்டார். என்னைக் காட்டினார்கள். என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அந்தக் காவலர் அதைத் தடுக்கவில்லை.

தை மாதத்துக்குப் பிறகு அரசாங்கத்தின் பதில் அச்சில் வந்தது. பழைய பதில்தான், ஏற்கவில்லை. டெய்லர் அதையும் மனுவின் பிரதியையும் ஒரே சட்டத்தில் போட்டுக் கடையில் மாட்டினார். “பதில் சொல்லாமல் இருக்க ஏலாமல் போச்சே,” என்றார். அவருடைய தாய் அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் இருந்தார். போகிற நேரம் நிம்மதியாகப் போனார் என்று மகன் சொன்னார்.

லண்டன் ஆர்மேனியரின் சபை அடுத்த ஆண்டு ஒரு நினைவு மலர் போட்டது. நன்றி சொல்லும் பக்கத்தில் எம்.பி.க்கு நன்றி, அலுவலகப் பெண்பிள்ளைக்கு நன்றி, தேவாலயத்துக்கு நன்றி, என் மனைவிக்கும் ‘அயலில் உள்ள தமிழ்ப் பெண்களுக்கும்’ நன்றி. மனைவியின் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. என் பெயரைத் தேடினேன். அட்டையைத் திருப்பியும் தேடினேன். டெய்லரிடம் கேட்டபோது, “நீயும் குடும்பம்தானே, மை பிரெண்ட், மனைவிக்குச் சொன்னால் உனக்கும் சேரும்,” என்கிறார்! ஒருவருக்காக இன்னொருவர் வைத்தால் செல்லாது என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டிய அலுவலகத்தில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் அவர்.

ஆகவே இதை வாசிக்கிற ஆர்மேனியச் சபையாருக்கு நான் சொல்வது இதுதான். மலரை மறுபடி அச்சிடும்போது என் பெயரைத் தனி வரியில் போடுங்கள். ஐந்நூறு தருகிறேன் என்று முதலில் வாக்குக் கொடுத்தவன் என்று எழுதுங்கள். நூற்று நாற்பத்தொன்று செல்லுபடியாகச் சேர்த்தவன் என்று எழுதுங்கள். மிச்சத்தைப் பிழையாகச் சேர்த்தவனும் அவனே, கதவு கதவாகப் போய்த் திருத்தியவனும் அவனே என்றும் எழுதுங்கள். உங்களுடைய பேப்பரில் பொய் இருக்கக் கூடாது. மனைவியின் பெயருக்குக் கீழே போட்டாலும் எனக்குக் குறை இல்லை. எழுத்து மட்டும் அதே அளவில் இருக்க வேண்டும்.